வெறும் மேசைமேல் ஒரு மேடு

வெறும் மேசையில் கோடு ஓர் இடத்தில் மேடேறி இறங்கியது.

மரத்தூளாக இருக்கும் என்று அவள் துணியால் துடைத்தாள். ரம்பத்தின் இரும்பு மேசை சுத்தமாகத்தான் இருந்தது. தச்சுப் பட்டறையின் அந்த மின்ரம்பத்தைத் தாங்கும் கையில் புதிதாகப் பூட்டியிருந்த லேசர் பெட்டி, மேசையின் குறுக்கே சிவப்பாக ஒரு கோடு இழுத்து அதன் விளிம்பைத் தாண்டித் தரைவரை விட்டிருந்தது. நடுவில் மட்டும் அந்தக் கோடு, கண்ணுக்குத் தெரியாத எதன்மீதோ ஏறிக் கடப்பதுபோல் எழுந்து, மறுபடி படிந்தது.

கொழுந்தன் மத்தியானம்தான் அதைப் பொருத்திவிட்டுப் போயிருந்தான். கையைவிட வாய் அதிகம் வேலை செய்யும் ஆள்.

"இனிமே பென்சில் தேட வேணாம் அண்ணி. கோடு எங்க விழுதோ, ரம்பப் பல்லு அங்கதான் இறங்கும். அண்ணன் கண்ணாலயே அளந்துடுவாரு, நமக்கு அதெல்லாம் வருமா?" என்றவன், அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அதையே நெனச்சிட்டு இருக்காதீங்க. டாக்டர் சொன்னாருல்ல, மாரடைப்பு, ஒரே நிமிஷம்தான். கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது."

எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவளுக்குச் சோறு இறங்கியது, கண் மூடியது. அன்றைக்கு அவள் பக்கத்து அறையில் காதை அடைத்துக்கொண்டு மரம் தேய்க்கும் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். வேலை முடிந்து வந்து பார்த்தபோது, அவள் புருஷன் இதே ரம்பத்தின் முன்னால் தரையில் கிடந்தார். உடம்பில் சூடு இல்லை.

கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று விளக்கை அணைத்திருந்தாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் அழுக்குக் கண்ணாடி வழியே மனசில்லாமல் உள்ளே வந்தது. தகரக் கூரையில் சொட்டும் சத்தம், ஈர மரத்தூளின் புளித்த வாடை, பசைச் சட்டியின் வாடை, அவற்றுக்கு அடியில் இன்னொன்று: நாள் முழுக்க உழைத்த சட்டையின் வியர்வை வாடை. அவருடைய சட்டைகளை அவள் எப்போதோ தானம் கொடுத்துவிட்டாள்.

பெட்டி கோணலாக இருக்கிறதோ என்று ரம்பத்தை மெல்லத் திருப்பினாள். கோடு நகர்ந்தது. ஒரே மேடு நான்காகப் பிரிந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். முதல் மேடு மட்டும் மற்றவற்றுக்கு முன்பே காணாமல் போனது.

அவருக்கு ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே ஏதோ ஒரு ரம்பத்துக்குக் கொடுத்தது.

அவள் ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும், வெட்கத்தை விட்டுச் சொன்னால், சந்தோஷமாகவும் இருந்தது. இத்தனை நாள் வராத அழுகை பொங்கி வந்தது.

"வந்துட்டீங்களா?"

கையை நீட்டி அந்த இடத்தைத் தொட்டாள். குளிர்ந்த இரும்பு. வேறொன்றும் இல்லை. கோடு அவள் விரல்கள்மேல் ஏறி இறங்கியது.

பக்கத்து மேடுகள் அசைந்தன.

விரல்கள் மடங்கின. விளிம்பை நோக்கி வழுக்கின. விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டு நடுங்கின. பிறகு, ஒவ்வொன்றாக, விட்டன. மேசைமேல் கோடு நேராகிவிட்டது.

கீழே பார்க்க வேண்டாம் என்று நினைத்தாள்.

பார்த்தாள்.

தரையில், அவள் காலுக்கு அருகே, கோடு எழுந்திருந்தது. நெற்றி. ஒரு பள்ளம். மூக்கு. உதடுகள். தாடை. தூங்கும்போது பக்கத்தில் படுத்து இத்தனை வருஷம் பார்த்த முகம், வெறும் காற்றில், சிவப்பு நூலாக.

மண்டியிட்டாள்.

"ஒரே நிமிஷம்னாங்க," என்றாள். "வலியே தெரிஞ்சிருக்காதுன்னாங்க. சொல்லுங்க. அப்படித்தானே?"

உதடுகள் பிரிந்தன. மூடின. பிரிந்தன.

சத்தம் இல்லை. தகரத்தில் மழை மட்டும். ஆனால் அந்த வாய் எதைச் சொல்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? அவள் பேர். பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி, முழு வாயையும் திறந்து.

மறுபடி. மறுபடி.

அவள் குனிந்து, கோட்டோடு காதை ஒட்டவைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மழை விட்டது. வெளிச்சம் செத்தது. இருட்டில் அந்தச் சிவப்பு வாய், இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.