இரண்டாம் நம்பர் முகடு

இந்த ஊருக்குக் குடிவந்த பிறகு என்னோடு பழகிய ஒரே ஆள் எங்கள் மாடிப்படிப் பூனைதான். அதுவும் பால் இருந்தால்தான் பழகும்.

"மலையேற்ற வகுப்புல சேரு. நாலு பேரு பழக்கமாவாங்க," என்று அம்மா சேர்த்துவிட்டார். அங்கே எல்லோரும் ஏற்கெனவே ஜோடி ஜோடியாக இருந்தார்கள். இடுப்பு வாரும் கொக்கிகளும் சரியாக இருக்கின்றனவா என்று ஒருவருக்கொருவர் பார்க்க வேண்டும் அல்லவா, அதற்காக. நான் மட்டும் மிச்சம். அதனால் உதவிக்கு வரும் தாடி அண்ணன் எனக்கு ஜோடி. நல்லவர்தான், ஆனால் தாடி வைத்தவரிடம் போய் ரகசியமா பேச முடியும்?

வகுப்பின் ராணி சிலந்திதான். அவளுடைய பட்டப்பெயர் அது. பயிற்சிக் கூடத்துச் சுவர்களில் நம்பர் எழுதியிருக்கும். ஒன்று என்றால் கையை வீசிக்கொண்டு நடக்கலாம். இரண்டு என்றால் அங்கங்கே கையை ஊன்ற வேண்டும். ஐந்து என்றால் பல்லிபோல் ஒட்டிக்கொள்ள வேண்டும். சிலந்தி ஐந்தில் பேசிக்கொண்டே ஏறுவாள். நான் மூன்றிலேயே மூச்சு வாங்குவேன்.

அன்று முதல்முறையாக நிஜ மலைக்குப் போனோம். முகட்டுப் பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பலகை. அதில் பெரிதாக '2'.

"ரெண்டா? ஐயே! எங்க வீட்டு மாடிப்படியே இதைவிடக் கஷ்டம்!" என்றாள் சிலந்தி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். யாரும் என் பக்கம் திரும்பவில்லை.

பயிற்சி அக்கா சிரிக்கவில்லை. "கை வைக்க, கால் வைக்க எவ்வளவு சுலபம்னுதான் நம்பர் சொல்லும். விழுந்தா எவ்வளவு பள்ளம்னு சொல்லாது. காத்து அடிச்சா என்ன ஆகும்னும் சொல்லாது. கயித்துல எப்பவும் ரெண்டு கொக்கி. ஆணி வந்தா ஒண்ணைக் கழட்டி அந்தப் பக்கம் மாட்டுங்க. அப்புறம்தான் அடுத்தது. புரியுதா?"

"புரியுது!" என்று கத்தினோம். கத்துவதற்கு என்ன செலவு?

முகடு நெடுகக் கயிறு கட்டி, இடையிடையே இரும்பு ஆணி அடித்திருந்தார்கள். அக்கா முன்னால் போனார். தாடி அண்ணன் தொடக்கத்தில் நின்று ஒவ்வொருவராக அனுப்பினார். சிலந்தியின் ஜோடி முன்னால் ஓடிவிட்டாள். சிலந்திக்குப் பின்னால் கடைசியாக நான்.

பாறை நிஜமாகவே சுலபம்தான். ஆனால் பாதை ஒரு ஆள் அகலம். இந்தப் பக்கமும் ஒன்றுமில்லை, அந்தப் பக்கமும் ஒன்றுமில்லை. பக்கத்தில் யாரிடமாவது "பயமா இருக்குல்ல?" என்று கேட்டால் போதும் போலிருந்தது. யாரிடம் கேட்பது?

ஒரு ஆணியருகே சிலந்தி நின்றுவிட்டாள். காற்று வீசியது. அவள் நகரவில்லை.

"என்ன ஆச்சு?" என்று நெருங்கிப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அவள் இடுப்பில் இரண்டு கொக்கிகளும் சும்மா தொங்கின. இரண்டாம் நம்பர்தானே என்று இதுவரை ஒரே கொக்கியில் வந்திருக்கிறாள். அதையும் கழற்றி மாற்றும் நேரத்தில் கீழே பார்த்துவிட்டாள். இப்போது இரண்டு கையாலும் பாறையைக் கட்டிக்கொண்டு நடுங்கினாள்.

கத்தினால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாள். நான் மெதுவாகக் கையை நீட்டி ஒரு கொக்கியைக் கயிற்றில் மாட்டினேன். பிறகு இன்னொன்றை. டக், டக்.

"மாட்டிட்டேன். இனிமே நீ விழ நினைச்சாலும் கயிறு விடாது," என்றேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாதே," என்றாள். அவள் கண்ணில் தண்ணீர்.

"கால ரெண்டு பக்கமும் போட்டு உட்காரு. குதிரையில உட்கார்ற மாதிரி. இதோ, நானும் உட்கார்றேன் பாரு."

இருவரும் உட்கார்ந்தோம். எதிரே மேகம் ஏறி வந்தது. அவளால் மேலே போக முடியாது என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. உச்சிக்கோ கொஞ்ச தூரம்தான். எனக்கும் ஆசைதான். மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

"அக்கா! எனக்குப் பயமா இருக்கு! திரும்பிடலாமா?"

முன்னாலிருந்து முனகல்கள் கேட்டன. "அடப் பயந்தாங்கொள்ளி!" என்றது ஒரு குரல். அக்கா மேகத்தைப் பார்த்தார். "சரியான நேரத்துல கேட்டே. எல்லாரும் அப்படியே திரும்புங்க!"

கடைசி ஆளான நான் இப்போது முதல் ஆள். ஒவ்வொரு ஆணியிலும் நின்று, சிலந்தி இரண்டு கொக்கியையும் மாற்றும்வரை பார்த்தேன்.

கீழே வந்ததும் எல்லோரும் கூட்டமாக உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தார்கள். "இவளாலதான் உச்சிய விட்டோம்," என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். நான் தள்ளிப்போய் ஒரு சின்னக் கல்லில் உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது சிலந்தி எழுந்தாள்.

"பயந்தது அவ இல்ல, நான்," என்றாள். "ரெண்டு கொக்கியும் இல்லாம நின்னேன். அவதான் மாட்டிவிட்டா. கிண்டல் பண்ணணும்னா என்னைப் பண்ணுங்க."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. சிலந்திக்கு நிச்சயம் அர்ச்சனை காத்திருந்தது.

அவள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் தன் ரொட்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

அந்தக் கல்லில் இரண்டு பேருக்கு இடமே இல்லை. நான் தள்ளி உட்கார்ந்தேன்.