இல்லாதவன் ஓடிப்போனான்

போன் அலறியது.

அரசு வக்கீலான அந்தப் பெண் கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் எடுத்தாள்.

"மேடம்... அந்த லிஃப்ட் மெக்கானிக் செத்துட்டான்!" இன்ஸ்பெக்டரின் குரல்.

"என்ன சொல்றீங்க?"

"ஜெயில்லதான். இளைப்பு. டாக்டர் வர்றதுக்குள்ளே..."

"ஐயோ!"

"இன்னொண்ணு மேடம். ஃப்ளாட் ஓனரை லிஃப்ட் குழியில தள்ளினது அவன் இல்லை. ஓனரோட தம்பி இப்பதான் வந்து சரணடைஞ்சான்!"

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

போன வாரம்தான் மெக்கானிக்குக்கு ஜாமீன் கூடாது என்று வாதாடியிருந்தாள். 'ஆஸ்துமா நோயாளி' என்று அவன் தரப்பில் கெஞ்சினார்கள். அவள் ஒரு பழைய தீர்ப்பை எடுத்து வீசினாள். இதே போல நோயைக் காட்டி ஜாமீன் வாங்கியவன் தலைமறைவான வழக்கு!

நீதிபதி தலையசைத்தார்.

ஜாமீன் மறுப்பு.

ஆபீஸ் வாசலில் மெக்கானிக்கின் மனைவி நின்றிருந்தாள். கையில் ஜெயிலில் கொடுத்த பிளாஸ்டிக் கவர். அதில் அவன் சட்டை... சீல் உடைக்காத இன்ஹேலர்.

"திட்ட வரலை மேடம். ஒரு அட்ரஸ் வேணும்."

"யாரோடது?"

"கோர்ட்ல சொன்னீங்களே, ஓடிப்போனான்னு ஒருத்தனை... அவனோடது. அவன் ஓடினதாலதானே என் வீட்டுக்காரரை விடலை? ஏண்டா ஓடினேன்னு அவனை ஒரு வார்த்தை கேக்கணும்."

வக்கீல் தேடினாள். பதிவுகளில் இல்லை. கோர்ட் நூலகத்துக்குப் போன் போட்டாள்.

அப்படி ஒரு வழக்கே இல்லை!

ஜாமீனை எதிர்த்த மனுவை எழுதித் தந்தது கம்ப்யூட்டரில் இருந்த ஏ.ஐ. கேட்ட மாத்திரத்தில் தீர்ப்பையும் தந்தது. அவள் சரிபார்க்கவில்லை.

"அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லைம்மா... மிஷின் கட்டின கதை. நான் நம்பிட்டேன்."

மெக்கானிக்கின் மனைவி அழவில்லை. கவரை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"இல்லாதவன் ஓடிட்டான்னு... இருந்தவரைப் பூட்டி வெச்சீங்களா?"

வக்கீல் எழுந்தாள்.

"வாங்க. நீதிபதிகிட்டே சொல்லிடறேன். என் வேலை போனா போகட்டும்!"

நீதிபதி தன் அறையில் எல்லாவற்றையும் கேட்டார். மேஜையைக் குத்தினார்.

"கோர்ட்டையே ஏமாத்தியிருக்கீங்க! இல்லாத தீர்ப்பைக் காட்ட என்ன துணிச்சல்!"

"தப்புதான் ஐயா. வழக்கு எண்ணும் ரெண்டு வரி சுருக்கமும் குடுத்தேன்..."

சொல்லிக்கொண்டே மேஜையில் இருந்த அவருடைய ஜாமீன் மறுப்பு உத்தரவைப் புரட்டியவள், சட்டென்று நிமிர்ந்தாள்.

"ஐயா... அந்தத் தீர்ப்புலேர்ந்து ஒரு பக்கம் முழுக்க இதுல எழுதியிருக்கீங்க! இல்லாததை நீங்க எங்கே படிச்சீங்க?"



நீதிபதியின் கை மெல்ல நீண்டது... ஏ.ஐ. திரை திறந்திருந்த லேப்டாப்பை மூடியது.

மெக்கானிக்கின் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதறாதீங்க ஐயா... உங்களுக்கு ஜாமீன் கிடைச்சுடும். ஓடிப்போறதுக்கு நீங்க ஒண்ணும் இல்லாத ஆள் இல்லையே!"