ஆணி வேண்டாத மூடி

மே மாதம் இரண்டாம் வாரம், பகல் பதினோரு மணிக்கு, லியாண்டர் விப்பிள் பெனாப்ஸ்காட் ஆற்றின் மேல்கரை மரவெட்டு முகாமுக்கு வந்து சேர்ந்தார். வந்து சேர்ந்தார் என்றால் அவர் கோபித்துக்கொள்வார், எழுந்தருளினார். சாமான் வண்டியின் உச்சியில், மாவுப் பீப்பாய்களின் மேல், உயரத் தொப்பியும் பளபளக்கும் நகரத்து ஷூவுமாக உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு சின்னப் பீப்பாய். அதைக் கைக்குழந்தையைப் போல அணைத்துப் பிடித்திருந்தார்.

குளிர்காலம் முழுக்க வெட்டிப்போட்ட மரக்கட்டைகள், பனி உருகிய வெள்ளத்தில் கீழே போய்க்கொண்டிருந்தன. அவற்றின் மேல் ஆணி அடித்த பூட்ஸுகளுடன் நாற்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் அந்தத் தொப்பியைத் திரும்பிப் பார்க்கவில்லை. விப்பிளுக்கு அது முதல் வருத்தம்.

மதியச் சாப்பாட்டு வேளையில் ஒரு மரக்குற்றியின் மேல் ஏறி நின்றார்.

"கனவான்களே!"

பீன்ஸ் தட்டுகளுடன் தரையில் உட்கார்ந்திருந்தவர்கள், யாரைச் சொல்கிறார் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். ஒரு பீப்பாயைத் திறக்க வேண்டுமென்றால் மேல் வளையத்தைத் தட்டி நகர்த்தி, உளி வைத்து நெம்ப வேண்டும். மூடியில் பாதி மாவுக்குள் விழும். மீதி சமையல்காரன் கட்டைவிரலில் ஏறும். விப்பிளின் மூடியில் நடுவே ஒரு மரக்குமிழ் மட்டும். அதைக் கால் சுற்று திருப்பினால் விளிம்பிலிருக்கும் மூன்று மரநாக்குகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். மூடி கையோடு வந்துவிடும்.

கிர்ர்… டக்.

"ஆணி வேண்டாம். சுத்தியல் வேண்டாம். ஒரு சிசு கூடத் திறக்கும்!" என்றார் விப்பிள். "குமிழ் இருபுறமும் உண்டு. வெளியிலிருந்தும் திறக்கலாம், உள்ளிருந்தும் திறக்கலாம். கண்டுபிடிப்பு உரிமைப் பத்திரத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதியிருக்கிறேன்."

கூட்டத்தில் ஒருவன் கையைத் தூக்கினான். ஒனேசீம் என்று பெயர். வடக்கே கியூபெக்கிலிருந்து வந்தவன். கட்டை ஓட்டுகிறவர்களில் அவனைப்போல ஓடுகிறவன் இல்லை. வாயும் அதே வேகம்.

"புரொபசரு ஐயா, ஒரு சந்தேகம். உள்ளேருந்து யாரு திறப்பா? பன்னிக்கறியா?"

கரை அதிர்ந்தது.

"சிரிக்காதீங்கடா," என்றான் ஒனேசீம். "பாவம், உப்புல ஊறி ஊறி அதுக்கும் சலிச்சுப்போயிருக்கும். ‘ஓபெட் அண்ணே, காத்து வாங்கிட்டு வந்துடறேன்’னு எட்டிப் பாக்கும்."

சமையல்காரர் ஓபெட்கூடத் தாடிக்குள் சிரித்துவிட்டார். விப்பிள் சிரிக்கவில்லை. இதற்கு முன் அவர் கண்டுபிடித்தவை ஐந்து. தானாக ஆடும் தொட்டில் உட்பட. அது மிக நன்றாக ஆடியது. குழந்தைதான் சுவரோரமாகப் போய் விழுந்தது. இந்த மூடியும் தோற்றால், பாங்கோர் ஊரில் மாமனாரின் மளிகைக்கடையில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க உப்பு நிறுக்க வேண்டும். மேஸ்திரி ஸ்டாக்போல் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்த ஆற்றின் முகாம்கள் அத்தனையும் வாங்கும்.

ஸ்டாக்போல் மீசையைத் துடைத்துக்கொண்டார். "நீ மூடி போட்டுக் கொண்டாந்த மாவுப் பீப்பா எல்லாம் சமையல் படகுல வரட்டும். கீழ ஏரி போய்ச் சேர்றவரைக்கும் தானா திறந்துக்காம இருக்கணும். இருந்தா பேசலாம்."

மறுநாள் பாறைத் திருப்பத்தில் படகு குலுங்கியது. விப்பிளின் சின்ன மாதிரிப் பீப்பாய் உருண்டு ஆற்றில் விழுந்தது. அதன் மூடியில் ‘விப்பிளின் உன்னத மூடி’ என்று எழுத்து வெட்டிய பித்தளைத் தகடு பதித்திருந்தது. அது கட்டைகளுக்கு நடுவே மினுங்கிக்கொண்டே போனது.

விப்பிள் படகில் எழுந்து நின்று கத்தினார். பக்கத்துக் கட்டையில் ஒனேசீம் நின்றிருந்தான்.

"நேற்று அவ்வளவு பேசினாயே! வாய்க்கு மட்டும்தான் வேகமா? போ! எடுத்து வா பார்ப்போம்!"

நாற்பது பேர் காதில் விழுந்துவிட்டது. ஒனேசீம் ஒரு கணம் தண்ணீரைப் பார்த்தான். பிறகு அவன் வழக்கமாக அடிக்கும் ஒரு துள்ளல் பாட்டைச் சீட்டியடித்துக்கொண்டு ஓடினான். ஆறு கட்டை, ஏழு கட்டை, எட்டு. குனிந்து பீப்பாயை எடுத்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினான். தகடு வெயிலில் பளிச்சிட்டது.

கட்டைகள் விலகின. அவன் உள்ளே போனான். கட்டைகள் மூடிக்கொண்டன.

மூன்றாம் நாள்தான் உடல் கிடைத்தது. பீப்பாய் கிடைக்கவில்லை. விப்பிள் இரண்டுக்கும் வருந்தினார். எந்த வரிசையில் என்று யாரும் கேட்கவில்லை.

ஆற்றில் செத்தவனுக்குச் சவப்பெட்டி கிடையாது. இரண்டு பீப்பாய்களின் அடிப்பலகையைத் தட்டி எடுத்து, திறந்த அடிகளை ஒன்றோடொன்று சேர்த்து, உள்ளே படுக்க வைப்பார்கள். கரையைக் குடைந்து நீளவாக்கில் உள்ளே தள்ளி, குழியின் வாயில் கற்களை அடுக்குவார்கள். அவனுடைய ஆணிப் பூட்ஸைப் பக்கத்து மரத்தில் மாட்டுவார்கள். அதை யாரும் தொடமாட்டார்கள்.

அன்றைக்குக் காலியாக இருந்தவை இரண்டே பீப்பாய்கள். உள்ளே போகிற கால்பக்கப் பீப்பாய் பழையது. வெளியே தெரிகிற தலைப்பக்கம் விப்பிளுடையது.

ஓபெட் மூடியை வைத்து, குமிழைத் திருப்பி, ஏப்ரனிலிருந்து நான்கு நீள ஆணிகளை எடுத்தார். விப்பிள் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆணி கூடாது."

"என்னங்க?"

"ஆணி வேண்டாத மூடி இது. இதில் ஆணி அடித்தார்கள் என்று நாளை ஒவ்வொரு முகாமிலும் பேசுவார்கள். நாய் நரி இழுத்தாலும் வராது. நான் உத்தரவாதம்."

"நாய் வரும்னு அடிக்கலைங்க," என்றார் ஓபெட் மெல்ல. "அவன் வெளிய வரக் கூடாதுன்னு அடிக்கிறது."

"மூடநம்பிக்கை!"

ஓபெட் மேஸ்திரியைப் பார்த்தார். ஸ்டாக்போல் மூன்று நாளாகத் தூங்கவில்லை. "எப்படியோ முடிங்கய்யா. கட்டை போய்க்கிட்டே இருக்கு," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

விப்பிள் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சில வார்த்தைகள் பேசினார். தொழில் முன்னேற்றத்தைப் பற்றி ஐந்து நிமிஷம். ஒனேசீமைப் பற்றி அரை நிமிஷம்.

அடுத்த நாள் விடியும்போதே மூடுபனி. ஆறும் கரையும் தெரியவில்லை. ஈர மரப்பட்டையின் வாடை மட்டும் முகத்தில் அப்பியது. சமையல் படகு புதைகுழிக்கு ஒரு மைல் கீழே கட்டியிருந்தது. விப்பிள் டீக்கோப்பையுடன் படகில் நின்றுகொண்டிருந்தபோது அது கேட்டது.

கிர்ர்… டக்.

பெற்ற பிள்ளையின் குரல்போல அவருக்கு அந்தச் சத்தம் தெரியும். சிரித்தபடி திரும்பினார்.

அங்கே யாரும் இல்லை.

மாவுப் பீப்பாயின் மூடி கழன்று, பக்கத்தில் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மாவின் மேல் ஒரு கை அகலத்துக்கு ஆற்றுத் தண்ணீர்.

கிர்ர்… டக்.

அடுத்த பீப்பாய்.

கிர்ர்… டக்.

அதற்கும் அடுத்தது.

ஓபெட் அடுப்பை விட்டு ஓடிவந்தார். விப்பிள் தொண்டையைச் செருமினார். "ஈரம். பனியில் மரம் உப்புகிறது. அதனால் குமிழ் நகர்ந்து…"

"மரம் உப்பினா இறுகுமா, கழலுமா?"

விப்பிள் கோப்பையிலிருந்த டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். 

ஓபெட் தரையைக் காட்டினார். படகின் பலகைகளில், கரைப்பக்கத்திலிருந்து பீப்பாய்வரை, பொடிப்பொடியாக ஈரமான துளைகள். ஆணிப் பூட்ஸ் மிதித்த துளைகள்.



"மேஸ்திரி வந்து இந்தப் பீப்பாயைப் பாத்தாருன்னா உங்க மூடி கதை முடிஞ்சது," என்றார் ஓபெட் தணிந்த குரலில். "அது உங்க கவலை. எனக்கு வேற கவலை. இந்தாங்க சுத்தி. இந்தாங்க நாலு ஆணி. தடுத்தது நீங்க. நீங்களே போய் அடிச்சிட்டு வாங்க."

"நீயும் வா."

"என் மேல அவனுக்கு ஒண்ணும் கோபம் இல்லையே."

ஒரு மைல் தூரம். பத்து மணிப் பகல். ஆனால் பனிக்குள் பகலும் இரவும் ஒரே சாம்பல்தான். விப்பிள் கரையோரமாக நடந்தார். நகரத்து ஷூ சேற்றில் சளக் சளக் என்றது. நின்றார். சளக் சத்தம் நின்றது. அதற்குப் பின், ஆற்றின் பக்கம், கட்டையின் மேல் இரண்டு எட்டு வைக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. விஞ்ஞானபூர்வமான மனிதர், பார்த்தால்தானே பதில் சொல்ல வேண்டும்.

முந்தின நாள் பூட்ஸை மாட்டிய பிர்ச் மரம் வந்தது. அதில் பூட்ஸ் இல்லை. மாட்டிய கயிறு மட்டும் தொங்கியது.

கற்கள் ஒருபக்கமாக, அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மூடி கழன்று அவற்றின் மேல் சாய்ந்திருந்தது. பீப்பாயின் வாய் கறுப்பாகத் திறந்து கிடந்தது.

உள்ளே யாரும் இல்லை.

மூடியை வைத்து நான்கு ஆணி அடித்துவிட்டு ஓடிப்போயிருக்கலாம். அப்படித்தான் நினைத்தார். மூடியைக் கையில் எடுத்துக்கூட விட்டார். அப்போதுதான் குழிக்குள், இரண்டாம் பீப்பாயின் கோடியில், ஏதோ மினுங்கியது.

பித்தளை.

குனிந்து பார்த்தார். எழுத்துகள் தெரிந்தன. ‘விப்பிளின் உன்னத’ என்பதுவரை தெளிவாகவே படிக்க முடிந்தது.

பிணக்குழிக்குள் கிடந்தாலும் சொந்தப் பெயர் சொந்தப் பெயர்தான். மூடியையும் சுத்தியலையும் ஆணிகளையும் கல்லின் மேல் வைத்தார். தொப்பியையும் வைத்தார். சேறு பட்ட ஷூவைக்கூடக் கழற்றி வைத்தார். அதிலும் ஒரு ஒழுங்கு. முழங்காலில் தவழ்ந்து உள்ளே போனார். உப்பு, பாசி, வேறொரு வாடை. கையை நீட்டினார். தகடு சில்லென்று விரலில் பட்டது.

பின்னால் வெளிச்சம் போனது.

கிர்ர்… டக்.

 நெளிந்து திரும்பினார். பயப்பட என்ன இருக்கிறது? இது அவருடைய மூடி. இருட்டில் தடவினார். உட்குமிழ் கைக்குள் வந்தது. உள்ளிருந்தும் திறக்கலாம்; பத்திரத்திலேயே எழுதியிருக்கிறது. திருப்பினார்.

கிர்ர்… டக்.

வெண்ணெய் போலத் திரும்பியது. அதைவிடச் சிறப்பாக அந்தக் குமிழ் என்றைக்கும் வேலை செய்ததில்லை.

வெளியே முதல் ஆணி இறங்கியது.

இரண்டாவது.

மூன்றாவது. அதற்கும் நான்காவதற்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி. அந்த இடைவெளியில், மூடியோடு உதடு வைத்ததுபோல, ஒரு கிசுகிசுப்பு.

"காத்து வாங்கிட்டு வரியா, புரொபசரு?"

கத்துவதற்கு வாயைத் திறந்தார். வாய்க்குள் ஆற்றுத் தண்ணீர் வந்தது.

நான்காவது.

ஒரு மணி நேரமாகியும் ஆளைக் காணோம் என்று ஓபெட் சலித்துக்கொண்டே கரையேறி வந்தார். கற்கள் ஒருபுறம். தொப்பியும் சுத்தியலும் கல்லின் மேல். மூடியில் நான்கு ஆணிகள், தலை மட்டமாக, நேராக இறங்கியிருந்தன.

"பரவாயில்லையே," என்றார் ஓபெட். "வேலை தெரிஞ்சவன் அடிச்ச மாதிரி இருக்கு."

ஆள் பயத்தில் தொப்பியை விட்டுவிட்டுக் காட்டுக்குள் ஓடியிருக்க வேண்டும். ஓபெட் கற்களை எடுத்து அடுக்கக் குனிந்தார்.

கிர்ர்…

மூடியின் நடுவே குமிழ் தானாக அசைந்தது. கால் சுற்று வலப்பக்கம். டக். கால் சுற்று இடப்பக்கம். டக். அவசர அவசரமாக, மறுபடியும், மறுபடியும். உள்ளே தண்ணீர் களகளத்தது. பலகையை ஏதோ பிறாண்டியது.

 மறுகணம் ஓபெட் சுத்தியலை எடுத்தார். அதன் பிடி நனைந்திருந்தது.

"வேணாம்டா ஒனேசீம்," என்று கெஞ்சினார். "படுத்துக்க. நான் உனக்கு ஒண்ணும் செய்யலடா. படுத்துக்க தம்பி."

ஏப்ரனில் எட்டு ஆணிகள் இருந்தன. எட்டையும் அடித்தார். ஒவ்வொரு அடிக்கும் குமிழ் துடித்தது. ஏழாவதில் மெதுவானது. எட்டாவதில் நின்றது.

அப்புறம் சத்தமே இல்லை. ஓபெட் கற்களை அடுக்கினார். ஒன்றுகூட விடாமல் அடுக்கினார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, நிம்மதியாக ஒரு மூச்சு விட்டு, வழக்கப்படி பூட்ஸைப் பார்த்து ஒரு கும்பிடு போட நிமிர்ந்தார்.

பிர்ச் மரத்தில், அதே கயிற்றில், பளபளக்கும் நகரத்து ஷூ ஒரு ஜோடி தொங்கிக்கொண்டிருந்தது.



கீழே பனிக்குள், சமையல் படகு கட்டியிருந்த திசையில், கட்டை விட்டுக் கட்டை தாவி யாரோ லேசாக ஓடுகிற சத்தம் கேட்டது. கூடவே ஒரு சீட்டி. அதே துள்ளல் பாட்டு.