பேஞ்ஞாவுக்கு ஒரு கட்டு

எங்கள் குடும்பப் பெயர் பேஞ்ஞா. பாறை என்று பொருள். நியூ மெக்சிகோவின் இந்த மேட்டில் எங்கள் முன்னோர் ஆடு மேய்த்தபோது, ஆங்கிலத்தில் 'குட்மார்னிங்' சொல்லக்கூட இங்கே ஆள் கிடையாது.

எங்கள் ஸ்பானிய மொழியில் 'ஞ' எழுத, 'ன'வின் தலைமேல் ஒரு சின்ன அலை போடுவோம். அலையை விட்டுவிட்டால் பேஞ்ஞா, பேனா ஆகிவிடும். நீங்கள் எழுதுகிற பேனா அல்ல. எங்கள் மொழியில் பேனா என்றால் துக்கம்.

அந்தத் துக்கத்தைத்தான் என் பேத்தி மாரிசேலாவின் புதுச் சட்டை முதுகில் அச்சடித்திருந்தார் பயிற்சியாளர் ஹாட்லி. அன்று பள்ளி சாஃப்ட்பால் அணிக்கு இறுதி ஆட்டம். பந்து வீசுபவள் அவள். நான் வேலியோரம் நின்றிருந்தேன்.

"சார், அலை எங்க?" என்று கேட்டாள் மாரிசேலா.

"ஆங்கிலத்துல அந்த எழுத்தே இல்லம்மா. சின்னக் கோடு, அதுக்குப் போயா சண்டை?"

"சின்னக் கோடுதானே சார்? அப்போ போட்டுடலாமே!"

அவள் தோழி டோரி சிரித்தாள். ஹாட்லி சிரிக்கவில்லை.

"பேர் சொல்லிக் கூப்பிடுவேன். வராதவங்களுக்கு இன்னிக்கு ஆட்டம் கிடையாது."

மாரிசேலா முதலுதவிப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்திரியை அலைபோல் வெட்டினாள்.

"டோரி, முதுகுல ஒட்டுடி."

"கோணலா இருக்குடி."

"அலைன்னா கோணலாத்தான் இருக்கும். ஒட்டு!"

ஹாட்லி பார்த்துவிட்டார். "அடிபட்டா ஒட்டுறதை ஏன் வீணாக்குற?"

"என் பேருக்கு அடிபட்டிருக்கு சார். கட்டுப் போட்டிருக்கேன்."

அவர் முகம் சிவக்க மைக்கைப் பிடித்தார். "மாரிசேலா பேனா!"

அவள் அசையவில்லை.

"பேனா!"

"அப்படி யாரும் இங்க இல்ல சார்."

"எனக்கு அது வாயில வரலையே, நான் என்ன செய்ய?" என்றார் ஹாட்லி. மைக்கை அணைக்க மறந்துவிட்டார். மைதானமே சிரித்தது.

மாரிசேலா சிரிக்கவில்லை. அருகே போய் மெதுவாகச் சொன்னாள்.

"மலை இடுக்கை கேன்யன்னு சொல்றீங்கல்ல சார்? அது எங்க வார்த்தைதான். திருப்பிக் கேக்கல. அதுக்கு நடுவுல இருக்கிற சத்தத்தை மட்டும் எடுத்து இங்க போடுங்க."

ஹாட்லி வாய்க்குள் இரண்டு முறை மென்று பார்த்தார்.

"மாரிசேலா... பே... பேஞ்ஞா!"

அவள் நிமிர்ந்து மைதானத்துக்குள் நடந்தாள். பாதி வழியில் திரும்பினாள்.

"இன்னொரு தடவை சார்! தாத்தா வேலியோரம் நிக்கிறாரு. அவருக்குக் காது மந்தம்."

என் காதில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கையைக் குவித்துக் காதருகே வைத்துக்கொண்டேன்.