அறுபதிலிருந்து இருபது

காலை 10.52. ஏழாம் கட்டிலின் அபாய மணி அலறியது. வைரஸ் தொற்றில் நுரையீரல் கெட்டுக் கிடந்த பேருந்து ஓட்டுநருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் எழுபத்தெட்டு சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. தலைமை நர்ஸ் ஓடிப்போனபோது டெக்னீஷியன் ஏற்கெனவே உள்ளே நின்று, காற்றுக் கருவியின் திருகை ஏற்றிக்கொண்டிருந்தார். மூச்சு சுலபமாக வரட்டும் என்று குப்புறப் படுக்க வைத்திருந்த ஆள். முகத்தைப் பார்க்கத் தலைமை நர்ஸ் கட்டிலைச் சுற்றி ஜன்னல் பக்கம் போக வேண்டியிருந்தது. நல்லவேளை, உயிர் தப்பியது.

"நிமிஷத்துக்கு அறுபது லிட்டர் போகணும். இருபதுல கெடந்துச்சு," என்றார் டெக்னீஷியன். "பத்து மணிக்குத் திருப்பிப் படுக்க வெச்சது சின்ன நர்ஸு. அப்புறம் யாரும் உள்ள போகல."

"அக்கா, சத்தியமா அறுபதுலதான் வெச்சேன்!" சின்ன நர்ஸுக்கு அழுகை முட்டியது.

தலைமை நர்ஸுக்கு உள்ளூரக் குளிர்ந்தது. நேற்றுதான் பெரிய டாக்டர் புதிய மூச்சுப் பிரிவை இந்தப் பெண்ணிடம் ஒப்படைத்தார். இருபத்திரண்டு வருடம் நின்றே தேய்ந்த தனக்கு ஒரு வார்த்தை இல்லை. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. 'கவனக்குறைவு' என்று ஒரு வரி எழுதினால் இவள் வேலை காலி.

எழுதப் போனவர் நின்றார். 10.40: ஆக்சிஜன் தொண்ணூற்று நாலு. வெளியே உள்ள திரையைப் பார்த்து அவரே எழுதிய குறிப்பு. இருபது லிட்டரில் நாற்பது நிமிடம் அந்த அளவு நிற்கவே நிற்காது. பாழாய்ப்போன மனசாட்சி!

11.20. டெக்னீஷியனை அழைத்தார்.

"எப்போ கவனிச்சீங்க?"

"பத்து அம்பதுக்கு. கதவுக் கண்ணாடி வழியா."

"என்ன தெரிஞ்சுது?"

"உதடு நீலமா இருந்துச்சு. உடனே ஓடினேன்."

"அதுக்கு முன்னாடி?"

"காலடி வெக்கல."

"பத்து மணிக்கே அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பியாச்சு. கதவுலேருந்து பின்மண்டைதான் தெரியும். உதட்டை எப்படிப் பார்த்தீங்க?"

டெக்னீஷியன் கதவுப் பக்கம் திரும்பினார்.

"பத்து நாப்பதுக்கு மேல உள்ள போய்க் குறைச்சது நீங்க. காப்பாத்தின பேரு உங்களுக்கு, கெட்ட பேரு அவளுக்கு."

டெக்னீஷியன் வெடித்தார். "பன்னெண்டு வருஷமா அந்தக் கருவியோட மல்லுக்கட்டினவன் நான். நேத்து வந்தவளுக்குப் பிரிவா? உங்களுக்கு மட்டும் எரியலையா?"

"எரியுது," என்றார் தலைமை நர்ஸ். வாசலில் நின்ற சின்ன நர்ஸ் திடுக்கிட்டுப் பார்த்தாள். "இப்பவும் எரியுது. ஆனா அந்த மனுஷன் மூச்சுல கை வெக்க எனக்குத் தோணல."