கலையாத பெரட்டு

ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லாத சாலையில் ரப்பர் பால் புளித்த வாடை அடித்தது. காப்பார் ஊரைத் தாண்டியதிலிருந்து இரு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனைதான்; கடைசி ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்து ஒரு தலைமுறை ஆகியிருக்கும். கார்க் கண்ணாடிகள் மூடியிருந்தன, ஏர்கான் ஓடிக்கொண்டிருந்தது, பின்சீட்டில் மகள் ஷாமினி தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டின் வெண்ணெய் மணம்கூட இருந்தது. அதையெல்லாம் மீறி அந்த வாடை லோகேஸ்வரியின் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. அவள் பிறந்தது கிள்ளான் ஆஸ்பத்திரியில், வளர்ந்தது பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில். ரப்பர் பாலை அவள் வாழ்நாளில் முகர்ந்ததே இல்லை. பிறகு அது ரப்பர் பால்தான் என்று தனக்கு எப்படித் தெரிந்தது?

"ஏங்க, ஏதோ நாறல?"

"செம்பனை மில்லா இருக்கும் லா," என்றான் கணவன் ஜீவன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவன் இன்று எதையும் நாறவிடுகிற மனநிலையில் இல்லை. வெள்ளைக்காரன் காட்டை அழித்து முதன்முதலில் திறந்த தோட்டங்களில் ஒன்றை யாரோ ஒரு கம்பெனி வாங்கி, துரை பங்களாவுக்கும் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கும் சுண்ணாம்பு அடித்து, சுற்றிப் பார்க்கும் இடமாக மாற்றியிருந்தது. அங்கே காட்சிக்கு வைக்க, ஜீவனின் கொள்ளுத்தாத்தா ரெங்கசாமி கங்காணியின் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பைக் கேட்டிருந்தார்கள். ஊரிலிருந்து ஆட்களைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, அதே ஆட்களைப் பிரம்போடு மேய்த்தவர் அவர். ஜீவனுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மகிழ்ச்சி. அவன் அம்மாவுக்கோ வெறும் வாயை மென்றவளுக்கு அவல் கிடைத்த கதை. கிள்ளானில் அவள் போன் அடிக்காத சொந்தக்காரர் வீடு இல்லை.

லோகேஸ்வரியின் முன்னோர் அந்த மேய்க்கப்பட்ட கூட்டத்தில் இருந்தவர்கள். அதே தோட்டம், அதே லயம். கல்யாணப் பந்தியில் மாமியார் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எங்க வாசல்ல கைகட்டி நின்ன சனம், இப்ப சம்பந்தியா பக்கத்துல உக்காந்து சாப்புடுது, பாருங்க." பந்தியே சிரித்தது. மாப்பிள்ளைக் கோலத்தில் ஜீவனும் சிரித்தான். மாமியாரை லோகேஸ்வரி என்றோ மன்னித்துவிட்டாள். அவன் சிரிப்பை மன்னிக்கவில்லை.

அவள் அப்பா வீட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விளக்கு வைக்கும் நேரத்தில் இரும்பை இரும்பால் தட்டக் கூடாது. கரண்டியால் வாணலியைத் தட்டினால்கூட எழுந்து வந்துவிடுவார். காரணத்தை ஒரே ஒரு முறைதான் சொன்னார். தோட்டத்தில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை விடாமல் அடித்தால் பெரட்டுக்கு வா என்று அர்த்தம். ஒற்றை அடி அடித்தால் கலைந்து போகலாம். அந்த ஒற்றை அடி விழும்வரை யாரும் உட்காரக் கூடாது, பேசக் கூடாது, காலை நகர்த்தக் கூடாது. காட்டுக் காய்ச்சலுக்குப் பயந்து சிலர் ஓடிப்போன ஒரு நாள், விளக்கு வைக்கும் நேரத்தில் ரெங்கசாமி கங்காணி பெரட்டு அடித்தார். ஓடியவர்கள் திரும்பும்வரை நில்லுங்கள் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்க் குடித்துத் தூங்கிவிட்டார். இரவெல்லாம் மழை. காய்ச்சல்காரர்கள் நின்ற இடத்திலேயே சாய்ந்தார்கள். லோகேஸ்வரியின் கொள்ளுப்பாட்டி அன்று கைக்குழந்தை. ரப்பர் பால் வாளிக்குள் படுக்க வைத்து மூடியிருந்ததால் பிழைத்தாள். பெற்றவள் பிழைக்கவில்லை. அதன்பிறகு அந்தத் தண்டவாளத்தை யாரும் தொடவில்லை. வேறு இடத்தில் மணி கட்டித்தான் பெரட்டு எடுத்தார்கள்.

"அந்த ஒத்த அடி இன்னும் விழலம்மா," என்றார் அப்பா.

காரில் இதை அவள் ஜீவனிடம் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவன் மறுத்துத் தலையாட்டத் தொடங்கிவிட்டான்.

"உங்கப்பா நல்லா கதை விடுவாரு. தாத்தா ஸ்ட்ரிக்டான ஆளு, அவ்ளோதான். இல்லாட்டி இந்தக் காட்டுல யாரு வேலை வாங்குறது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. இடத்தைப் பார்த்துக்கொள்ளும் கார்த்திகேசு, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வாசலுக்கே வந்து பிரம்பை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். பங்களாவைக் காட்டினார், மருந்து வீட்டைக் காட்டினார், லயங்களைக் காட்டினார். புதுச் சுண்ணாம்பின் நெடி எங்கும் இருந்தது. அதற்கு அடியில், சோற்றுக்கு அடியில் தீய்ந்தது தெரிவதைப் போல, அந்தப் புளித்த வாடையும் இருந்தது.

கடைசியாகப் பெரட்டுக் களம். பெரிய தூங்குமூஞ்சி மரம். அதன் கிளையில் சங்கிலியில் தொங்கும் துருப்பிடித்த தண்டவாளத் துண்டு. பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பி. எதிரே வெட்டவெளி முழுவதும் புதிதாகப் பதித்த புல். ஆனால் புல் முழுதாக இல்லை. பாதம் அளவுக்குச் சின்னச் சின்ன மொட்டைத் திட்டுகள், ஜோடி ஜோடியாக, வரிசை வரிசையாக, எல்லாம் மரத்தைப் பார்த்தபடி.

"எத்தன தடவ போட்டாலும் அந்த எடத்துல மட்டும் புல் பிடிக்க மாட்டேங்குது," என்றார் கார்த்திகேசு, சலிப்போடு. "உரம் போட்டாச்சு, மருந்து அடிச்சாச்சு. அந்தக் கடைசில இருக்கு பாருங்க ரெண்டு ஜோடி, அது இந்த வாரம்தான் வந்துச்சு."

லோகேஸ்வரி பார்த்தாள். கடைசி வரிசையின் ஓரத்தில் ஒரு பெண்ணின் பாதம் அளவுக்கு ஒரு ஜோடி. அதை ஒட்டி, சின்னதாக இன்னொன்று.

"கண்ணாடிப் பெட்டி சாவி ஆபீஸ்ல இருக்கு, எடுத்துட்டு வரேன். நீங்க போட்டோ எடுத்துக்கிட்டு இருங்க," என்று சொல்லிவிட்டு அவர் பங்களாவின் பின்பக்கம் போனார்.

ஜீவன் பிரம்பை மகளிடம் கொடுத்து மரத்தடியில் நிற்க வைத்தான். "ஷாமு, கங்காணி மாதிரி நில்லு. நெஞ்ச நிமித்து." ஷாமினி பிரம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு உர்ரென்று முகத்தை வைத்துக்கொண்டாள். அவன் படம் எடுத்தான். பிறகு கம்பியைக் கையில் எடுத்து எடை பார்த்தான்.

"அடிச்சுப் பாக்கவா, லோகேஸ்? உங்க ஆளுங்க வந்தாலும் வருவாங்க."

சிரித்தான். பந்தியில் கேட்ட அதே சிரிப்பு.

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். சொல்லியிருந்தால் கேட்டிருப்பான், எவ்வளவு கிண்டல் செய்தாலும் அவள் குரல் மாறினால் நிறுத்திவிடுவான். அது அவளுக்கு நன்றாகவே தெரியும். எங்கோ லயத்தின் பக்கம் விளக்கு எரியத் தொடங்கியது. அவள் வாயை மூடிக்கொண்டாள். வரட்டும், என்று நினைத்தாள். வந்து இவன் முகத்தைப் பார்க்கட்டும். அப்போது சிரிக்கட்டும்.

ஜீவன் அடித்தான். பள்ளிக்கூடப் பையன் மணியடிப்பது போல விடாமல் அடித்தான். மரத்திலிருந்து மைனாக்கள் மொத்தமாகக் கிளம்பிப் போயின. அடி நின்ற பிறகும் அந்த ஓசை காதுக்குள் சுழன்றுகொண்டே இருந்தது, அது மெல்ல மெல்ல வேறு ஓசையாக மாறியது, தூரத்தில் தகர வாளிகள் முழங்காலில் மோதும் ஓசையாக, செம்மண்ணில் வெறுங்கால்கள் விரைந்து வரும் ஓசையாக, நெஞ்சுக்குள்ளிருந்து பிடுங்கிக்கொண்டு வரும் இருமலாக, லயத்தின் பக்கமிருந்தும் மருந்து வீட்டின் பக்கமிருந்தும் பங்களாவின் பின்னாலிருந்தும் நெருங்கி, புல்லின்மேல் வந்து, நின்றது.

ஜீவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "லைட் பத்தல," என்றான்.

புல்லில் தண்ணீர் கசிந்தது. ஒரு வாரமாக மழை இல்லை. மொட்டைத் திட்டுகள் ஒவ்வொன்றும் ஈரமாகி, கறுத்து, அமுங்கின. ஆள் ஏறி நின்றால் அமுங்குவது போல.

"அம்மா," என்றாள் ஷாமினி. பிரம்பு தோளிலிருந்து இறங்கியிருந்தது. "யாரும்மா அந்த ஆன்டிங்க எல்லாம்?"

லோகேஸ்வரி மகளின் பக்கம் திரும்பினாள். இவனைத்தானே பார்க்கச் சொன்னேன். பிள்ளையை இல்லையே. பாய்ந்து போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளத்தான் நினைத்தாள். கால்கள் வேறு பக்கம் நடந்தன. செருப்பு எப்போது கழன்றது என்று தெரியவில்லை. ஈரப் புல். பிறகு ஈர மண். பாதம் அளவெடுத்தது போலப் பொருந்தியது.

அவள் வரிசையில் நின்றாள்.

முன்னால் முதுகுகள். மழையில் ஊறிய துணி. வெந்த உடம்பின் ஆவி. புளித்த பால்.

பக்கத்தில் ஒருத்தி. லோகேஸ்வரி தலையைத் திருப்பவில்லை, திருப்ப முடியவில்லை. ஓரக்கண்ணில் ஒரு கை தெரிந்தது. அந்தக் கையில் வாளி. வாளி காலி.

"புள்ளயக் கொண்டாந்துட்டியே தாயி," என்றது அந்தக் குரல், உதடு அசையாமல், கங்காணிக்குக் கேட்காதபடி பேசிப் பழகிய குரலில். "நல்லா இருப்ப."

ஜீவனுக்கு இப்போதுதான் ஏதோ உறைத்தது. சுற்றிலும் பார்த்தான். "லோகேஸ்?" அவள் முகத்தின்மேலேயே அவன் பார்வை விழுந்து, நிற்காமல் கடந்து போனது. "எங்க போன, லோகேஸ்?"

இங்கதான், என்று அவள் கத்தினாள். வாய் திறக்கவில்லை. பெரட்டில் யாரும் பேசக் கூடாது.

எல்லாத் தலைகளும் மெதுவாக ஷாமினி கையிலிருந்த பிரம்பின் பக்கம் திரும்பின.

வராதே. அங்கேயே நில். அப்பாவைப் பிடித்துக்கொள். ஷாமினி பிரம்பைக் கீழே போட்டாள். அவளுக்கு அம்மா தெரிந்தாள். அவள் வயசுப் பிள்ளைக்கு அது போதும். வரிசைக்குள் நுழைந்து, யார்மேலும் இடித்துவிடாமல், நல்ல பிள்ளையாக ஒதுங்கி ஒதுங்கி நடந்து வந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். அம்மாவின் பக்கத்தில், அந்தச் சின்ன ஜோடியில், கால் வைத்தாள்.

வாளிக்காரி மூச்சு விட்டாள். வரிசை முழுவதும் மூச்சு விட்டது.

"ஷாமு!" ஜீவன் ஓடி வந்தான். அவர்களுக்கு ஒரு முழம் தள்ளிக் கடந்து போனான். அவன் சட்டையிலிருந்து வாசனைத் திரவியத்தின் மணம் வந்தது. புல் ஓரத்தில் குனிந்தான். பெரிய செருப்பு ஒரு ஜோடி, சின்னது ஒரு ஜோடி. அவன் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அதுதான். இப்போது அந்த முகம் அவளுக்கு வேண்டாம்.

அவன் மரத்தடிக்கு ஓடினான். கம்பியை எடுத்தான்.

ஒரே ஒரு அடி, என்று அவள் மனசு கதறியது. ஒன்று அடித்துவிட்டு நிறுத்துங்க. சாமி, ஒன்று போதும்.

அவன் விடாமல் அடித்தான். மனைவி வரவேண்டும், பிள்ளை வரவேண்டும், யாராவது வரவேண்டும் என்று அடித்தான். செம்பனைக் காட்டுக்குள்ளிருந்து மறுபடியும் வாளிகள் ஓசையிட்டன. இன்னும் கால்கள். இன்னும் இருமல்.

இருட்டிவிட்டது. சின்னக் கை ஒன்று லோகேஸ்வரியின் விரலைப் பிடித்திருந்தது. அனலாகக் கொதித்தது.

"அம்மா, கால் வலிக்குது," என்று ஷாமினி முணுமுணுத்தாள். உட்காரப் பார்த்தாள்.

முன்வரிசை அவளைத் திரும்பிப் பார்த்தது. ஷாமினி நிமிர்ந்தாள்.

மழை தூற ஆரம்பித்தது. மரத்தடியில் ரெங்கசாமி கங்காணியின் கொள்ளுப்பேரன், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெரட்டு அடித்துக்கொண்டே இருந்தான்.