வீட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்

காலை ஏழு மணிக்கே மாமனார் முழுக்கைச் சட்டை மாட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துவிட்டால், வீட்டில் யாருக்கோ தீர்ப்பு காத்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்று அது மருமகளுக்கு. மறுநாள் வெளியூரில் அவள் மகளுக்குப் பட்டமளிப்பு விழா. பதினோரு மணி ரயிலில் வீடே கிளம்புகிறது. அவள் கிளம்புவாளா என்பதுதான் முடிவாகவில்லை.

“அம்மா, நீ வரலைன்னா நான் மேடையே ஏற மாட்டேன்!” என்று மகள் போனில் அழுதிருந்தாள்.

எல்லாம் ஆறு வருடத்துக்கு முந்தைய வெள்ளத்தால் வந்தது. குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பினால், மாடிக் குழாய் திறந்து கிடந்து, படிக்கட்டு அருவியாகி, மாமனார் அலுவலகத்தில் வாங்கிய பாராட்டுப் பத்திரங்கள் எல்லாம் கூழாகியிருந்தன. மாமனார் விசாரணை வைத்தார். புகார் கொடுத்தவர், சாட்சி, நீதிபதி மூன்றும் அவரே. கடைசியாகக் கதவைப் பூட்டியவள் மருமகள்; ஆகவே குற்றவாளி. அன்றிலிருந்து வீடு எங்கே கிளம்பினாலும் அவள் காவல்.

இந்த முறை அவளே ஆள் தேடினாள். முதலில் வந்தவர் செருப்பைக் கோணலாகக் கழற்றினார் என்று மாமனார் திருப்பி அனுப்பினார். அடுத்தவர் “சரி சரி” என்று இரண்டு தடவை சொன்னாராம். ஒரு தடவை போதாதா? மூன்றாவதாக, பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லி வந்தவர் ஓய்வு பெற்ற நர்ஸம்மா. இவரும் தேறாவிட்டால் வேறு ஆள் இல்லை.

மாமனார் கண்ணாடியைத் துடைத்து மாட்டி, பதினொரு பக்க விதிமுறையை வாசிக்கத் தொடங்கினார். நர்ஸம்மா ஐந்தாம் பக்கம் வரை பொறுத்தார்.

“ஐயா, நாற்பது கட்டில் வார்டுல கூட எனக்கு இவ்வளவு வேலை இல்லை. இதையெல்லாம் இதுவரைக்கும் எத்தனை பேர் செஞ்சாங்க?”

மாமியார் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“குறுக்கே பேசக் கூடாது,” என்ற மாமனார் தொடர்ந்தார். “விதி இருபத்தாறு. தண்ணீர் நின்றுபோயிருந்தால் மாடிக் குழாயைத் திறந்தே வைக்கவும். தண்ணீர் வரும்போது சத்தம் கேட்கும்.”

“கேட்க ஆள் இருந்தாத்தானே கேட்கும்? வெளியே போயிட்டா வீடு மிதக்குமே! யாராவது இப்படிச் செய்வாங்களா?”

“யாராவதா? முப்பது வருஷமா நான் தினமும் செய்யறேம்மா! ஒரு நாள் தப்பினது கிடையாது. அந்தக் கல்யாணத்துக்குக் கிளம்பின அன்னைக்குக் கூட...”

பாதியிலேயே நிறுத்தி, தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

பெட்டியின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த கணவன் தலை நிமிர்ந்தான். “அப்பா... அப்போ அன்னைக்குத் திறந்து வெச்சது நீங்களா?”

மருமகள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: “விடுங்க. மாமா திறந்து வெச்சா, பின்னாடியே போய் மூடறது நான்தானே. அன்னைக்கு அவசரத்துல மாடிக்குப் போகலை. அதுவும் என் தப்புதான்...”

“அடிப்பாவி! தெரிஞ்சேவா ஆறு வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தே?” மாமியார் குரல் உடைந்தது. “உன்னை நான் என்னென்ன பேசினேன்! உன் தங்கச்சி கல்யாணத்துக்குக் கூட விடலையேடி!”

“அந்தக் காகிதத்தையெல்லாம் மடியில வெச்சுக்கிட்டு மாமா அழுதாரு அத்தை... அந்த நேரத்துல போய், உங்களாலதான்னு எப்படிச் சொல்றது? அன்னைக்குச் சொல்லலை. அப்புறம் சொல்ல வாய் வரலை...”

மாமியார் எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். “என்னை மன்னிச்சுடு தாயே... என் நாக்குல இடி விழ!”

மாமனாரின் நிலைமைதான் பரிதாபம். எத்தனையோ பேரிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்டவர்; ஒருவருக்கும் கொடுத்துப் பழக்கமில்லை. “அது வந்து... மேற்படி சம்பவத்தில்...” என்று ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றினார். “நீ கிளம்பும்மா. வீட்டுக்கு நான் இருக்கேன்.”

“வேண்டவே வேண்டாம்!” நர்ஸம்மா அலறினார். “வீட்டை மட்டும்னா பார்த்துக்கறேன். உங்களையும் சேர்த்துன்னா என்னால முடியாது சாமி. எல்லாரும் போயிட்டு வாங்க!”

மருமகள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். மாமனாரும் சிரிக்கப் பார்த்தார், பாதிதான் வந்தது.

அவளுக்கென்று பெட்டி கட்டியிருக்கவில்லை. கிளம்பிவிடுவோம் என்று நம்பிக் கட்ட அவளுக்குத் தைரியம் இல்லை. மாமியார் தன் பெட்டியைத் திறந்து தன்னுடைய துணியில் பாதியை வெளியே எறிந்தாள். “என்னை யார் பார்க்கப் போறா? பெத்தவ நீ, உன்னைத்தான் பார்ப்பாங்க. அந்த நீலப் புடவையை எடுத்து வை!”

ரயிலில் ஜன்னலோர இடத்தை மாமனார் அவளுக்கு விட்டுக்கொடுத்தார். மகளுக்கு போன் போட்டு, “வந்துக்கிட்டே இருக்கேண்டி,” என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை மாமியாரின் தோளில் சாய்ந்தது.

இரண்டு மணி நேரம் கழித்துக் கணவன் கேட்டான்: “அம்மா, தோள் மரத்துப் போயிருக்குமே. மாறி உட்காரலாமா?”

“சும்மா இருடா!” மாமியார் அசையாமல் அதட்டினாள். “இப்பத்தான் தூங்கறா.”